ஓதிய ஓமும் அளந்த ஓமும்

ராசி! இரண்டே எழுத்து. ஆயினும் அந்த இரண்டெழுத்து இந்நாட்டிலே செய்துள்ள சேதம் கொஞ்சமல்ல. பெண் ஒருத்தியின் மணத்தை முறிக்க அது போதும். பால் கறக்கும் மாட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட அது போதும். கட்டிய வீட்டின் வாசலை இடித்து வேறு திசையிலே வைக்கவும் அது போதும். அண்மையிலே, கொங்கு நாட்டுத் தோட்டம் ஒன்றிலே, உழைத்துப் பிழைக்கும் ஒரு தோழரின் வேலையைப் பறிக்கவும் அந்த இரண்டெழுத்து வாள் ஓங்கப்பட்டது. தடுத்து நிறுத்தியது ஒரு சிறு கருவி. உள்ளங்கையில் அடங்கும் மின்அளவி!

பொள்ளாச்சிச் சாலையிலே, கிணத்துக்கடவுக்கு அணித்தே உள்ளது அந்தச் சிற்றூர். தக்காளி விளையும் மண். பறித்த தக்காளி அன்றைக்கே கிணத்துக்கடவுச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு பகல் தங்கினால் விலை போகும், இரண்டு பகல் தங்கினால் தக்காளியே போகும். நாம் அவ்வூரிலே பள்ளி ஆசிரியர். கற்றது கலைப் பட்டம். கையில் பிடிப்பது சுண்ணக்கட்டி. மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஏட்டிலே படித்ததன்றி எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கத் தூண்டியவள் நம் வகுப்பு மாணவி ஒருத்தி. "அப்பாவுக்கு வேலை போயிருமாமுங்க சார். நானும் பஞ்சாலைக்குப் போயிருவேனுங்க" என்றாள். ஆறாம் வகுப்பு! அந்த வயதிலே பஞ்சாலை!

அவளுடைய தந்தை ஓட்டுநர். ஊரின் கீழ்க்கோடியிலே, அருந்ததியர் தெருவிலே வீடு. தோட்டத்துக்காரரிடம் ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி உண்டு. தகப்பனார் காலத்து வண்டி. அது வந்த பிறகுதான் தோட்டம் பெருகியது என்பது குடும்பத்தின் நம்பிக்கை. டீசல் வண்டிகள் ஆயிரம் வந்த பிறகும் அதை விற்க மனமில்லை. ராசியான வண்டி அன்றோ!

அந்த ராசியான வண்டி சில மாதங்களாகச் சண்டித்தனம் செய்தது. காலையிலே தோட்டத்தில் சாவியைத் திருப்பினால் எடுக்கிறது. சந்தையிலே பெட்டிகளை இறக்கி, நண்பகலிலே திரும்பப் புறப்படும்போது சாவியைத் திருப்பினால் எடுப்பதில்லை. 'டுர்ர்' என்று இழுத்து, இரைந்து, ஓய்ந்து விடுகிறது. நாலு பேர் கூடித் தள்ளினாலோ, பத்தடி உருள்வதற்குள் பிடித்துக் கொள்கிறது. காலையிலே பெரும்பாலும் சாவியைத் திருப்புபவர் தோட்டத்துக்காரர். வண்டியை அவர் கையால் கிளப்பிவிடுவதே வழக்கம். நண்பகலிலே திருப்புபவர் ஓட்டுநர். தீர்ப்பு எழுத இது போதாதா?

"என்ர கைக்கு எடுக்குது, இவன் கைக்கு எடுக்கறதில்லீங்க சார். இவன் வந்து சேர்ந்த நாள்லேர்ந்துதான் இந்தத் தொல்லை" என்றார் தோட்டத்துக்காரர். நம்மிடம் 'ங்க', அவரிடம் 'டேய்'. அதுவும் கொங்கு நாட்டு மரியாதையின் ஒரு முகம்!

தோழர்களே, இந்த வாதத்தை எள்ளி நகையாடிவிட்டுப் போவது எளிது. நாம் அப்படிச் செய்யவில்லை. ஏனெனில் அதிலே கண்ணால் கண்ட செய்தி இருக்கிறது. காலையில் எடுக்கிறது: உண்மை. நண்பகலில் எடுக்கவில்லை: உண்மை. புதிய ஓட்டுநர் வந்த பிறகே தொல்லை தொடங்கியது: அதுவும் உண்மையே! உண்மைகள் மூன்றும் ஒன்று சேர்ந்து ஒரு பொய்யைப் பெற்றெடுத்திருக்கின்றன. எப்படி? காலைக்கும் நண்பகலுக்கும் கை மட்டுமா மாறுகிறது? எஞ்சினின் சூடு மாறுகிறது. நிற்கும் இடம் மாறுகிறது. ஓடி வந்த தூரம் மாறுகிறது. நாலு மாறியிருக்க, ஒன்றை மட்டும் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவானேன்? அந்த ஒன்று, ஏற்றினால் எதிர்த்துப் பேசாத ஒன்று என்பதாலா?

ஆகவே ஒன்று கேட்டோம். "ஒரு நாள் நண்பகலிலே சந்தைக்கு வந்து நீங்களே சாவியைத் திருப்பிப் பாருங்களேன்." வந்தார். திருப்பினார். எடுக்கவில்லை! வழக்கு முடிந்தது என்று மகிழ்ந்தோம். அவரோ அமைதியாகச் சொன்னார்: "இவன் பக்கத்துல நிக்கறானே, பார்வை பட்டிருச்சுங்க."

எதிரான சான்றையும் விழுங்கி ஏப்பம் விடும் வயிறு அந்த நம்பிக்கைக்கு! எந்த நிகழ்ச்சியாலும் பொய்யாக்க முடியாதபடி ஒரு கருத்து அமைந்திருந்தால் அதனோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. வண்டிக்குத் திருஷ்டிப் பூசணி சுற்றியாகிவிட்டது. சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்கியாகிவிட்டது. அடுத்த வாரம் ஓர் ஓமம் வளர்த்து 'ஓம்' ஓதிப் பரிகாரம். அதோடு ஓட்டுநருக்குக் கணக்குத் தீர்ப்பு. இடையிலே இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. "வண்டியை ஒரு முறை பட்டறையிலே காட்டிவிடலாம், செலவு நம்முடையது" என்று கேட்டு வாங்கினோம்.

சந்தைக்கு அருகே இருக்கும் வயரிங் பட்டறைக்காரர், வண்டியைத் தொடுவதற்கு முன் ஓட்டுநரைப் பார்த்துத்தான் பேசினார். "தம்பி, ஓட்டறது நீங்கதானே? வண்டி என்ன சொல்லுதுன்னு நீங்க சொல்லுங்க."

அந்தத் தோழர் நம் முகத்தைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "செல்ப் மெதுவாத்தானுங்க சுத்துது. ஹெட்லைட் மங்கறதில்லை. நாலு தடவை திருப்புனா சோக் கம்பி சுடுதுங்கண்ணா. கை வைக்க முடியறதில்லை."

"சோக் கம்பி சுடுதா? இதை யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. சிரிச்சாங்க."

பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. "பாதி வேலை முடிஞ்சுது" என்றார்.

எப்படி முடிந்தது பாதி வேலை? அதைத்தான் அன்று பகலெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வண்டி கிளம்பவில்லை என்றால் கேட்க வேண்டிய முதற் கேள்வி: எஞ்சின் சுற்றுகிறதா, சுற்றவில்லையா? விரைவாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் குறை தீப்பொறியிலோ பெட்ரோலிலோ இருக்கும். சுற்றவே இல்லை, அல்லது சோம்பிச் சுற்றுகிறது என்றால் குறை பேட்டரி, செல்ப் மோட்டார், இரண்டையும் இணைக்கும் பாதை ஆகியவற்றில் இருக்கும். ஓசையும் ஒரு மொழி. 'கடகட' என்று படபடத்தால் பெரும்பாலும் பேட்டரி இளைத்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்' ஒலித்து அடங்கினால் சொலினாய்டின் செம்பு முனைகளோ, மோட்டாரின் கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கக் கூடும். மோட்டார் மட்டும் 'விர்' எனச் சுழன்று எஞ்சின் அசையாதிருந்தால், சக்கரப் பல்லைப் பற்ற வேண்டிய பெண்டிக்ஸ் பற்றவில்லை. சாவியைத் திருப்பும்போது விளக்கு அணைந்து போகும் அளவுக்கு மங்கினால் பேட்டரியிலும் அதன் முனைகளிலும் தேடு; மங்காமல் எரிந்தும் மோட்டார் சோம்பினால் வேறெங்கோ தேடு. ஓட்டுநர் தோழர் சொன்ன மூன்று வாக்கியங்களில் இத்தனைக்கும் விடை அடங்கிக் கிடந்தது! கேட்கத்தான் ஆளில்லை.

அளவை தொடங்கியது. எஞ்சின் பற்றிக்கொள்ளாதிருக்க, காயிலிலிருந்து வரும் நடுக்கம்பியைக் கழற்றி எஞ்சின் உடலோடு சேர்த்து வைத்தார். ஓடி வந்து சூடாக நின்ற வண்டி. பேட்டரி ஓய்வில் காட்டியது 12.6 வோல்ட். நிறைவான பேட்டரி. ஓட்டுநர் சாவியைத் திருப்ப, மோட்டார் இழுக்கும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 10.4. குறை சொல்ல ஒன்றுமில்லை; பத்துக்குக் கீழே வெகுவாக இறங்கினால்தான் கவலை. ஆனால் மோட்டாரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே அளந்தபோது வந்தது 7.9 மட்டுமே!

எங்கே போயிற்று இரண்டரை வோல்ட்? பேட்டரியில் புறப்பட்டது மோட்டாருக்கு வந்து சேரவில்லை. வழியிலே யாரோ சுங்கம் வசூலிக்கிறார்கள்! நேர்முனைக் கம்பியின் இரு கோடியிலும் வைத்துப் பார்த்தார்: 0.2 வோல்ட். அது நேர்மையான செலவு. எதிர்முனையையும் எஞ்சின் உடலையும் தொட்டார்: 2.3 வோல்ட். சுங்கச்சாவடி அகப்பட்டது.

மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பி வர வேண்டும். பேட்டரியின் எதிர்முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினோ ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் பாயாது. எனவே எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கச் செம்பு இழைகளால் பின்னிய பட்டை ஒன்று உண்டு. 'எர்த் பட்டை' என்பார்கள். அதன் வழியேதான் மோட்டார் உண்ட மின்னோட்டம் முழுவதும் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டால் மின்னோட்டம் சந்து பொந்து தேடும். எஞ்சினின் கார்புரேட்டரையும் ஓட்டுநர் முன் உள்ள பலகையையும் இணைக்கும் சோக் கம்பி ஒரு சந்து! பெரிய ஆறு ஓட வேண்டிய நீர் சிறு வாய்க்காலிலே பாய்ந்தால் கரை என்னாகும்? கம்பி சுட்டதன் மருமம் அதுதான். விளக்குகள் மங்காததன் காரணமும் அதுவே: விளக்குகள் சட்டத்தோடு இணைந்தவை, அந்தப் பட்டையின் தயவு அவற்றுக்குத் தேவையில்லை.

இணைப்புக் கம்பி ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் பிடித்துக்கொண்டு, "இப்பத் திருப்புங்க தம்பி" என்றார். ஓட்டுநர் திருப்பினார். சூடான எஞ்சின், நண்பகல், அதே கை! மோட்டார் சீறிச் சுழன்றது. அந்தத் தோழரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்!

பட்டையைக் கழற்றினோம். சட்டத்தோடு பொருந்தும் இடத்திலே பளபளக்கும் பச்சைப் பெயிண்ட்! பெயிண்டுக்கு மேலே பட்டை. பட்டைக்குக் கீழே துரு. எப்போது அடித்த பெயிண்ட்? ஆயுத பூசைக்காக அடித்தது! வண்டியை மங்களகரமாக ஆக்குவதற்கென்று பட்டையைக் கழற்றி, சட்டத்துக்கு வண்ணம் பூசி, காய்ந்ததும் வண்ணத்தின் மேலேயே பட்டையை முடுக்கியிருக்கிறார்கள். மின்சாரத்துக்குப் பெயிண்ட் ஒரு மதில். திருகாணியின் புரி வழியே ஏதோ கொஞ்சம் பாய்ந்து கொண்டிருந்தது. மாதங்கள் செல்லச் செல்லத் துரு அதையும் நெருக்கியது. புதிய ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தது என்றைக்கு? ஆயுத பூசைக்கு அடுத்த வாரம்! 'இவன் வந்த நாளிலிருந்து' என்ற குற்றச்சாட்டின் கதை இவ்வளவே. பூசையோடு வந்த பழி, ஆளோடு வந்ததாக எழுதப்பட்டது.

காலையில் மட்டும் எடுத்தது ஏன் என்று கேட்கத் தோன்றும். நாமும் கேட்டோம். செம்பு சூடேறினால் அதன் தடை கூடும். நூறு டிகிரி ஏறினால் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு. ஓடி நின்ற எஞ்சினின் வெப்பத்திலே வெந்த மோட்டாருக்குக் காலையைவிட வலிமை குறைவு. காலையிலே இரண்டு வோல்ட்டை இழந்தும் தட்டுத் தடுமாறி வென்றது. நண்பகலிலே அந்த இழப்பைத் தாங்கும் தெம்பு இல்லை.

இந்தத் தடையை அளக்கும் அலகுக்கு என்ன பெயர் தெரியுமோ? ஓம்! ஆம், அதே ஒலி. ஆனால் இந்த ஓம் மந்திரமல்ல. ஒரு மனிதனின் பெயர். கியார்க் ஓம். செருமனியிலே பூட்டுத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். (நம் இனம்!) மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை 1827இல் நூலாக வெளியிட்டார். அவர் சொன்ன கணக்கை நம் பச்சைப் பெயிண்டுக்குப் போட்டுப் பாருங்கள். செல்ப் மோட்டார் இழுப்பது சுமார் இருநூறு ஆம்பியர். தடை ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு மட்டுமே என்று கொள்வோம். பெருக்கினால் இரண்டு வோல்ட்! கண்ணுக்குத் தெரியாத, கைக்கு அகப்படாத அந்த நூறில் ஒரு பங்கு, ஒரு குடும்பத்தின் சோற்றை அள்ளிக்கொண்டு போக இருந்தது. ஓதிய ஓம் அதைக் கண்டுபிடித்திருக்குமா?

இன்னொரு புதிர் எஞ்சியிருந்தது. மெதுவாகவேனும் மோட்டார் சுற்றியதே, அப்போது ஏன் பற்றவில்லை? தள்ளினால் மட்டும் ஏன் பற்றுகிறது? இங்கேதான் தீப்பொறியின் கதை வருகிறது. பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டால் பொறி பறக்காது. காயிலுக்குள்ளே இரண்டு சுற்றுகள்: ஒன்றில் சில நூறு வளைவு, மற்றொன்றில் பல ஆயிரம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட், அரை மில்லிமீட்டருக்கும் உட்பட்ட இடைவெளியில் மூடித் திறக்கிறது. திறக்கும் கணத்திலே முதற்சுற்றின் காந்தப்புலம் சரிய, இரண்டாம் சுற்றிலே ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கின் முனையைத் தாண்டுகிறது. பாயிண்டின் முனை கருகாமல் காப்பது கண்டென்சர். இந்த மின்தூண்டலை 1831இல் கண்டறிந்து சொன்னவர் மைக்கேல் பாரடே: கொல்லருடைய மகன், புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகிய சிறுவன். உலைக்களத்துப் பிள்ளைக்கு அறிவு வராது என்று சாத்திரம் வகுத்தோர் அந்நாட்டிலே இருந்திருந்தால், உலகம் இன்னும் எத்தனை காலம் இருட்டிலே இருந்திருக்குமோ!

அந்தக் காயிலுக்குச் சென்ற மின்சாரமும் பாயிண்ட் வழியே எஞ்சின் உடலில் இறங்கி, அதே எர்த் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். மோட்டார் இழுக்கும்போது அங்கே 2.3 வோல்ட் மறிக்கப்படுவதால் காயிலுக்குக் கிடைப்பது எட்டை ஒட்டியது. பொறி மெலிந்தது. தள்ளும்போதோ மோட்டாருக்கு வேலையில்லை. காயில் இழுப்பது நாலு ஆம்பியர் அளவே. அதற்கு அந்தத் தடை ஒரு பொருட்டல்ல. பொறி கொழுத்தது, வண்டி பிடித்தது. 'செல்ப் கோளாறு', 'கரண்ட் கோளாறு' என்று இரண்டாகத் தெரிந்தது வேரிலே ஒன்று. காயில், கண்டென்சர், பிளக், மோட்டார் என்று வரிசையாகப் புதிது வாங்கி மாட்டியிருந்தாலும் நோய் நீங்கியிராது. பட்டறைக்காரர் வாங்கச் சொன்னது ஒரு பட்டையும், ஓர் எமரித் தாளும். பெயிண்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்து, பட்டையை முடுக்கி, மேலே வாசலின் தடவினார். மறுபடி அளந்தார்: 0.2.

செல்ப் மோட்டாரைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. அது வருமுன் வண்டியின் முன்னே நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். எஞ்சின் எதிர்த்துச் சுழன்று அடித்தால் கை முறியும். 1911இல் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் மின்மோட்டாரால் கிளப்பும் முறையை உருவாக்கினார். 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. தோள்வலிமை தேவையில்லை என்றதும் பெண்கள் பலர் சக்கரத்தைப் பிடித்தனர். மேடைதோறும் பெண் விடுதலை பேசும் நாம், இந்தச் சிறு மோட்டாருக்கும் ஒரு சொல் நன்றி கூறலாம்.

அதிலும் கோவைக்காரர் இதை மறக்கலாகாது. 1932இல் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்த பிறகு இம்மாவட்டத்தின் தலையெழுத்தை மாற்றியது மின்மோட்டார் அன்றோ! கலங்கல் சிற்றூரிலே 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியிலே வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். 1937இல் அவரும் டி. பாலசுந்தரமும் செய்த மின்மோட்டாரை இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று சொல்வதுண்டு. அதே பொள்ளாச்சிச் சாலையிலேதான், மோட்டார் சுற்றவில்லை என்றதும் பூசணிக்காயைத் தேடுகிறோம்!

திங்கட்கிழமை நண்பகல், சந்தையிலே, தோட்டத்துக்காரர் முன்னிலையில் ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். முதல் இழுப்பிலேயே எடுத்தது. பழைய பட்டையையும் அதில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டையும் காட்டினோம். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெயிண்டுக்காரன் பண்ணுன வேலை" என்றார். ஓமத்துக்குச் சொன்ன ஐயருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம், அது நடந்தது. கணக்குத் தீர்ப்பு மட்டும் நடக்கவில்லை. ஓட்டுநர் இப்போதும் அதே வண்டியை ஓட்டுகிறார். முன்னூறு ரூபாய்க்குள் ஒரு மின்அளவி வாங்கி இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறார். சந்தையிலே வண்டி நின்றுபோன மற்ற ஓட்டுநர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். 'டேய்' மட்டும் 'டேய்' ஆகவே இருக்கிறது.

பழைய எர்த் பட்டையை நாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். ஒரு பேட்டரி, ஒரு சிறு விளக்கு, சுரண்டிய முனை, சுரண்டாத முனை. பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஓட்டுநரின் மகள் எழுந்து கேட்டாள்: "எதிர்முனையைத்தானுங்களே சட்டத்தோட கட்டறாங்க? நேர்முனையைக் கட்டுனா வண்டி ஓடாதுங்களா சார்?"

ஓடும். அதற்கேற்ற கருவிகள் இருந்தால் தடையில்லை. 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்கள் பலவும் நேர்முனையைச் சட்டத்தோடு கட்டித்தான் ஓடின. இதைப் பட்டறைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்து மறுநாள் சொன்னோம். "அப்புறம் எதுக்குங்க சார் மாத்துனாங்க?" என்று அடுத்த கேள்வியைப் போட்டாள். அதற்காக வருகிற ஞாயிறு மீண்டும் பட்டறைக்குப் போக வேண்டும்; அவளும் வருகிறாள்.